சோஃபை ஸ்டேடியம்: வெளியூர் கல்லூரி ரசிகருக்கு எப்படி இருக்கும்?

கலிஃபோர்னியா இங்கிள்வுட்டில் இருக்கும் சோஃபை ஸ்டேடியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராம்ஸ், சார்ஜர்ஸ் என்ற என்எஃப்எல் (தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால்) அணிகளின் ரசிகர்கள். அவர்களுக்கு அது சொந்த ஊர் மைதானம். அணி தோற்றாலும் ஆட்டம் முடிந்து இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இந்த விமர்சனம் அவர்களுக்கானது அல்ல. கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பின்னால் ஆயிரம், இரண்டாயிரம் மைல் கடந்து வருகிறவர்களுக்கானது. அப்படி வருகிறவர்களின் கண்ணில் இந்த இடம் வேறு மாதிரி தெரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உள்ளே போய் உட்கார்ந்தபின் அமெரிக்காவில் இதைவிட நன்றாக ஆட்டம் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் மிகக் குறைவு. ஆனால் வாசலுக்கு வந்து சேர்வதும், வாசலிலிருந்து வெளியேறுவதும், அதற்கு நடுவே கூட்டாளிகளோடு கூடி நிற்க ஓர் இடம் தேடுவதும் வெளியூர்க்காரருக்குப் பெரும்பாடு. அணி ஜெயித்தால் இந்தப் பாடெல்லாம் மறந்துபோகும். படுதோல்வி அடைந்தால் ஒவ்வொன்றும் உறைக்கும்.

அந்தப் படுதோல்விக்கு இதே மைதானத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 2023 ஜனவரி 9 அன்று இங்கே நடந்த தேசிய சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழகம் 65, டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) 7. 58 புள்ளி வித்தியாசம். அதுவரை நடந்த எந்த பவுல் ஆட்டத்திலும் (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) அவ்வளவு பெரிய இடைவெளி இருந்ததில்லை. அந்தச் சாதனையையும் அதே ஜார்ஜியாவே அந்த ஆண்டின் டிசம்பர் 30 அன்று ஆரஞ்ச் பவுலில் ஃப்ளோரிடா ஸ்டேட்டை 63-3 என்று அடித்து முறியடித்தது. ஆனால் அங்கே ஃப்ளோரிடா ஸ்டேட்டின் முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் ஆடவே இல்லை. டிசியூ பெரும்பாலும் முழு அணியோடு வந்து அடி வாங்கியது. ஓட்டக்காரர் கென்ட்ரே மில்லர் மட்டும் முழங்கால் காயத்தால் ஆடவில்லை.

டிசியூ ரசிகர்கள் ஏன் அவ்வளவு ஆசையோடு கிளம்பினார்கள் என்பது தெரிந்தால்தான் அந்த இரவின் கனம் புரியும். ஃபோர்ட் வொர்த்தில் இருக்கும் சிறிய தனியார் பல்கலைக்கழகம் அது. முந்தைய ஆண்டு 5 வெற்றி, 7 தோல்வி என்று முடித்திருந்தது. 2022 சீசன் தொடங்குமுன் அது ஆடும் பிக் 12 கூட்டமைப்பின் அணிகளில் ஏழாவது இடம்தான் வரும் என்று கணித்திருந்தார்கள். அதன் தேசியப் பட்டங்கள் 1935, 1938 காலத்தவை. அப்படிப்பட்ட அணி புதிய பயிற்சியாளர் சன்னி டைக்ஸ் கீழ் டிசம்பர் 31 அன்று ஃபியஸ்டா பவுலில் மிச்சிகனை 51-45 என்று வீழ்த்தியது. இறுதி ஆட்டத்துக்கு நடுவே ஒன்பது நாள்தான். அந்த ஒன்பது நாளுக்குள் விமானம், ஓட்டல், டிக்கெட் எல்லாம் ஏற்பாடாக வேண்டும்.

இங்கே பயணத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் வீணாவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி ஒன்று ரசிகர்களுக்கு மிகவும் உதவும். புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக டிக்கெட் வாங்கினால், நிறுவனம் ஒன்று 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெற விட வேண்டும், அல்லது பணம் கட்டாமலேயே அந்த விலையை 24 மணி நேரம் பிடித்து வைக்க வேண்டும். ஆகவே அரையிறுதி நடந்துகொண்டிருக்கும்போதே, மூன்றாம் குவார்ட்டரிலேயே (ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் மூன்றாவது), டிக்கெட்டை வாங்கிவிடுங்கள். ஆட்டம் முடிந்த மறு நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் அதே விமானங்களைத் தேடுவார்கள். விலை கண்ணெதிரே ஏறும். அணி தோற்றுவிட்டால் ரத்து செய்துவிடலாம்.

ஏழு நாள் கணக்கில் மட்டும் கவனம் வேண்டும். 2023 கணக்கில் பார்த்தால், டிசம்பர் 31 இரவு வாங்கிய ஜனவரி 8 டிக்கெட்டுக்கு இந்த விதி பொருந்தும். ஜனவரி 2 அன்று வாங்கியதற்குப் பொருந்தாது. இப்போதைய 12 அணி முறையில் அரையிறுதிக்கும் இறுதிக்கும் பத்து நாளளவு இருக்கிறது; கொஞ்சம் மூச்சு விடலாம். மூன்றாம் நபர் பயணத் தளங்களில் வாங்கினால் இந்த விதி அப்படியே பொருந்தாது. பெரிய நிறுவனங்களின் பேசிக் எகானமி டிக்கெட்டையும் தவிர்ப்பது நல்லது. 24 மணி நேரம் தாண்டினால் அதை மாற்றுவது கஷ்டம். சாதாரண மெயின் கேபின் டிக்கெட்டை மாற்றுக் கட்டணம் இல்லாமல் மாற்றலாம்.

எந்த விமான நிலையம்? லாஸ் ஏஞ்சலஸின் முக்கிய விமான நிலையமான எல்ஏஎக்ஸ் ஸ்டேடியத்திலிருந்து மூன்று, நான்கு மைல்தான். ஆனால் எல்லோரும் அங்கேயே இறங்க நினைப்பதால் விலை ஏறிக் கிடக்கும். பர்பேங்க், லாங் பீச், ஆரஞ்ச் கவுண்டியின் ஜான் வெய்ன், கிழக்கே ஒன்டாரியோ என்று நான்கு மாற்று உண்டு. இவற்றில் லாங் பீச் சிறியது, நடை குறைவு, சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். ஒன்டாரியோ ஐம்பது மைல் தள்ளி. வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு மட்டும் சரி. ஜான் வெய்னில் இரவு 10 மணிக்கு மேல் பயணிகள் விமானம் புறப்பட முடியாது, காலை 7 வரை தடை, ஞாயிற்றுக்கிழமை 8 வரை. அங்கே ஆட்ட இரவே திரும்பும் எண்ணம் வேண்டாம்.

டெக்சஸிலிருந்து காரில் வருவதாக இருந்தால் ஃபோர்ட் வொர்த்திலிருந்து ஐ-20, கென்ட் அருகே ஐ-10, பிறகு எல் பாசோ, டூசான், ஃபீனிக்ஸ், ப்ளைத் வழியாக ஏறக்குறைய 1,400 மைல். நிற்காமல் ஓட்டினாலே இருபது மணி நேரத்துக்கு மேல். எல் பாசோவே அறுநூறு மைல் தாண்டித்தான் வரும். இரண்டு பேர் மாற்றி ஓட்டினாலும் நடுவே ஓர் இரவு தங்குவதுதான் முறை. வரும்போது உற்சாகத்தில் ஓட்டிவிடலாம். 58 புள்ளியில் தோற்றுவிட்டு அதே சாலையில் திரும்புவது வேறு விஷயம். தூக்கம் கெட்ட மனதோடு மேற்கு டெக்சஸின் நேர்கோட்டு நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்தும்கூட. திரும்பும்போதும் ஓர் இரவுத் தங்கலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜியாவிலிருந்து வருகிறவர்களுக்குத் தொலைவு இன்னும் அதிகம். அட்லாண்டாவிலிருந்து வான்வழியே 1,900 மைலுக்கு மேல். ஜார்ஜியாவின் சின்னமான புல்டாக் நாய் யூகா எப்போதும் மைதான ஓரத்தில் இருக்கும். அந்த இறுதி ஆட்டத்துக்கு அதை அழைத்து வரவில்லை. அவ்வளவு நீண்ட பயணம் அதற்கு ஆகாது என்று விட்டுவிட்டார்கள்.

இறங்கிய பிறகு ஒரு சிக்கல். எல்ஏஎக்ஸில் சாதாரண ஊபர், லிஃப்ட், டாக்சி பெரும்பாலும் டெர்மினல் வாசலுக்கு வந்து ஏற்றாது. டெர்மினல் 1 பக்கத்தில் 'எல்ஏஎக்ஸ்-இட்' என்ற தனி இடத்துக்கு நடந்தோ பச்சை நிறப் பேருந்திலோ போக வேண்டும். 2025 ஜூனில் திறந்த எல்ஏஎக்ஸ்/மெட்ரோ நிலையம் வந்தபின் நிலைமை கொஞ்சம் மேல். டெர்மினலிலிருந்து இலவசப் பேருந்தில் அந்த நிலையம் போய், அங்கிருந்து கே லைன் ரயிலில் டவுன்டவுன் இங்கிள்வுட் நிலையத்தில் இறங்கலாம். கட்டணம் 1.75 டாலர். இங்கிள்வுட் நிலையத்திலிருந்து ஸ்டேடியம் சுமார் ஒன்றரை மைல். ராம்ஸ், சார்ஜர்ஸ் ஆட்ட நாட்களில் அங்கிருந்து ஷட்டில் ஓடும். கல்லூரி ஆட்டத்துக்கு ஓடுகிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அரை மணி நேர நடை. தட்டையான சாலைதான், பயப்பட ஒன்றுமில்லை.

இந்த ரயிலை மனதில் வைத்து ஓட்டல் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஸ்டேடியத்தை ஒட்டித் தேடிப் பணத்தை இறைக்க வேண்டாம். எல் செகுண்டோ பக்கம் தங்கினால் கே லைனில் மாறாமல் இங்கிள்வுட் வரலாம். செஞ்சுரி புலவார்டில் விமான நிலைய ஓட்டல்கள் வரிசையாக இருக்கின்றன. ஏவியேஷன்/செஞ்சுரி நிலையம் அவற்றுக்குப் பக்கம். டவுன்டவுன் லாஸ் ஏஞ்சலஸில் தங்குவதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். பத்து மைல்தானே என்று வரைபடம் சொல்லும். வார நாள் மாலையில் அந்தப் பத்து மைலை ஒரு மணி நேரத்தில் கடந்தாலே பெரிய விஷயம். 2023 இறுதி ஆட்டம் திங்கட்கிழமை மாலை, உள்ளூர் நேரம் நாலரைக்கு மேல் தொடங்கியது. அலுவலக நெரிசலும் ஆட்ட நெரிசலும் ஒரே நேரத்தில் மோதின.

காரில் வருகிறவர்கள் பார்க்கிங் பாஸை முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். கைபேசியில்தான் வரும், வாசலில் ரொக்கத்துக்குக் கிடைக்காது. ஐ-105இல் வந்து பிரெய்ரி அவென்யூவில் இறங்குவது நேர்வழி, அதனாலேயே நெரிசலும் அங்கேதான். பக்கத்துக் குடியிருப்புத் தெருக்களில் நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். ஆட்ட நாட்களில் அங்கே குடியிருப்போர் பர்மிட் இல்லாத வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். இன்னொன்று: ஸ்டேடியத்துக்கு வடக்கே கியா ஃபோரம் அரங்கம், தெற்கே 2024 ஆகஸ்ட்டில் திறந்த இன்ட்யூட் டோம் அரங்கம், ஸ்டேடியத்தின் கூரைக்குக் கீழேயே யூடியூப் தியேட்டர். நாலும் ஒரே சாலைகளை நம்பி இருக்கின்றன. அன்று கிளிப்பர்ஸ் கூடைப்பந்து ஆட்டமோ கச்சேரியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

இனி இந்த இடத்தின் பெரிய குறை. கல்லூரி ஃபுட்பாலுக்கு உயிர் டெயில்கேட்டிங். வண்டியின் பின்கதவைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் தட்டு நீட்டும் அந்த நாலு மணி நேரம் இல்லாவிட்டால் பாதி ஆட்டம் போன மாதிரி. 2023 இறுதி ஆட்டத்துக்கு சோஃபை வாகன நிறுத்தத்தில் அது அனுமதிக்கப்படவில்லை. அதற்குப் பதில் ரசிகர் விழாவை டவுன்டவுனில் இருக்கும் கன்வென்ஷன் சென்டரில் வைத்தார்கள். ஸ்டேடியத்திலிருந்து பத்து மைல் தள்ளி ஒரு மண்டபத்தில் வரிசையில் நின்று விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொள்வது டெயில்கேட் ஆகாது. ஜார்ஜியா பல்கலைக்கழகம் இருக்கும் ஏதன்ஸிலிருந்து வந்தவருக்கும் ஃபோர்ட் வொர்த்திலிருந்து வந்தவருக்கும் ஆட்டத்துக்கு முன் பேசிக்கொள்ளவே இடமில்லாமல் போனது. தோற்றபின் இது இன்னும் வலிக்கும். ஆட்டம் கையை விட்டுப் போனாலும் டெயில்கேட்டில் கிடைத்த நட்பு மிஞ்சும் என்பதுதான் கல்லூரி ரசிகர்களின் வழக்கமான ஆறுதல். இங்கே அதுவும் இல்லை.

பசடேனாவில் இருக்கும் ரோஸ் பவுலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1922இல் கட்டியது, இருக்கை இடுக்கு, நடைபாதை இடுக்கு, சுரங்க வாசல்களில் முட்டி மோதித்தான் போக வேண்டும். ஆனால் சுற்றிலும் இருக்கும் புரூக்சைட் கோல்ஃப் புல்வெளியில் வண்டிகளை நிறுத்திக் காலையிலிருந்து கூடியிருக்கலாம். மலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். ஆட்டம் பார்க்க சோஃபை, ஆட்ட நாளைக் கழிக்க ரோஸ் பவுல்: எங்கள் தீர்ப்பு இதுதான்.

சரி, உள்ளே போவோம். பை ஒளி ஊடுருவுவதாக, 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். சிறிய கைப்பை என்றால் நாலரைக்கு ஆறரை அங்குலம். முதுகுப்பையோடு நேரே விமான நிலையத்திலிருந்து வருகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டியை ஓட்டலில் வைத்துவிட்டே வாருங்கள். அறை காலி செய்தபின்னும் பெரும்பாலான ஓட்டல்களில் வரவேற்பில் வைத்துக்கொள்வார்கள். டிக்கெட் கைபேசியில் மட்டும். வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திறக்கும்போது இணைப்பு இழுக்கும். ஓட்டலில் இருக்கும்போதே டிக்கெட்டை கைபேசியின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். சின்ன பவர் பேங்க் ஒன்று அவசியம். டிக்கெட், பணம், வண்டி மூன்றும் அதே கைபேசியில்தான். உள்ளே எந்தக் கடையும் ரொக்கம் வாங்காது.

விமானப் பாதை தலைக்கு மேலே போவதால் கட்டடத்தின் உயரத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. அதனால் மைதானத்தைத் தரைமட்டத்துக்கு 100 அடி கீழே தோண்டி வைத்தார்கள். நீங்கள் நுழைவது கட்டடத்தின் நடுவயிற்றில். கீழ்த்தட்டு டிக்கெட் என்றால் இறங்க வேண்டும், மேல்தட்டு என்றால் ஏற வேண்டும். இறங்குவது சுலபம். ஆட்டம் முடிந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மேலே ஏறும்போதுதான் எஸ்கலேட்டர் வாசலில் தேங்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வந்தால் நுழைவு மட்டத்துக்கு நெருக்கமான நடுத்தட்டு இருக்கைதான் எடுக்க வேண்டும்.

திரையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மைதானத்துக்கு மேலே முட்டை வடிவ வளையமாக, 120 கெஜ நீளத்தில், இரு பக்கமும் படம் காட்டும் திரை தொங்குகிறது. எடை 22 லட்சம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஆயிரம் டன். கீழே இருப்பவர்கள் எதிர்ப்பக்க வளையத்தின் உள்முகத்தையும், மேலே இருப்பவர்கள் தங்கள் பக்கத்தின் வெளிமுகத்தையும் பார்ப்பார்கள். முதல் சில வரிசைகளில் உட்கார்ந்தால் கழுத்தை அண்ணாந்துகொண்டே இருக்க வேண்டும். அணி வீரர்கள் நிற்பதால் மைதானத்தின் நடுப்பகுதியும் மறையும். அந்த வரிசைகளுக்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

ஃபுட்பால் புரிந்து பார்ப்பவருக்கு ஏற்ற இடம், 20 கெஜக் கோடுகளுக்கு நடுவே, நடுத்தட்டிலோ மேல்தட்டின் முதல் வரிசைகளிலோ. அந்த ஜனவரி இரவையே எடுத்துக்கொள்ளுங்கள். டிசியூவின் தடுப்பு முறை 3-3-5: முன்னால் மூன்று பேர், அடுத்து மூன்று லைன்பேக்கர் (நடுவரிசைத் தடுப்பாளர்), பின்னால் ஐந்து பேர். பிக் 12இல் பந்தை அகலமாக விரித்து எறியும் அணிகளைக் கட்ட அது நல்ல முறை. ஜார்ஜியா விரிக்கவில்லை. கனமான முன்வரிசையும் டைட் எண்டும் (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) வைத்து நடுவிலேயே இடித்தது. தடுக்க ஆள் உள்ளே வந்ததும் தலைக்கு மேலே எறிந்தது. டைட் எண்ட் பிராக் பவர்ஸ் மட்டும் ஏழு பந்து பிடித்து 152 கெஜம். உயரத்திலிருந்து பார்த்தவர்களுக்குப் பந்து போடுமுன்பே நடுவில் ஆள் பற்றாதது தெரிந்திருக்கும். கீழே மூலையில் உட்கார்ந்தவர்களுக்கு ஆள் ஏன் இப்படித் தனியாக ஓடுகிறான் என்பதே புரிந்திருக்காது. ஏன் தோற்கிறோம் என்று புரிந்து தோற்பது, புரியாமல் தோற்பதைவிடத் தேவலை. இருக்கை தேர்வில் எங்களுக்கு இதுதான் முதல் அளவுகோல்.

முதல் பாதியில் ஜார்ஜியாவுக்குப் பந்து கிடைத்தது ஆறு முறை, ஆறிலும் புள்ளி. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஸ்டெட்சன் பென்னட் 21 கெஜம் ஓடி முதல் டச்டவுன் (பந்தை எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது), பிறகு ஃபீல்ட் கோல் (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி). டிசியூவின் டெரியஸ் டேவிஸ் 60 கெஜம் பிடித்துக் கொடுத்ததும் குவார்ட்டர்பேக் மேக்ஸ் டகன் ஓடி 10-7 ஆக்கினார். அந்த ஒரு கணம்தான் டிசியூ ரசிகர்களின் ஊதா நிறப் பகுதி முழுதும் எழுந்து நின்றது. பிறகு ஜார்ஜியா 17, 24, 31, 38. கடைசி இரண்டு டச்டவுனும் இடைவேளைக்கு முந்தைய ஒன்றரை நிமிடத்துக்குள். ஜார்ஜியாவின் ஜேவன் புல்லர்ட் பந்தைப் பறித்துக் கொடுத்த மறு வீச்சிலேயே 22 கெஜ டச்டவுன். வரிசைக்கு முந்திக்கொள்ளலாம் என்று இரண்டு நிமிடம் இருக்கும்போதே எழுந்து போனவர்கள் இரண்டையும் நடைகூடத் திரையில்தான் பார்த்திருப்பார்கள்.

அதற்காக எழுந்து போவது தவறு என்று சொல்லவில்லை. கல்லூரி ஆட்டத்தின் இடைவேளை 20 நிமிடம், என்எஃப்எல்லைவிட நீளம். இரண்டு கல்லூரிகளின் பேண்டும் ஆடும். பேண்டைப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டாம் குவார்ட்டர் நடுவிலேயே உணவு வாங்கிவிடுங்கள். நடைகூடங்கள் அகலமாக, காற்றோட்டமாக, எங்கு நின்றாலும் ஒரு திரை கண்ணில் படும்படி இருக்கின்றன. நொந்துபோய் இருக்கையில் உட்கார முடியாதவர்கள் எழுந்து ஒரு சுற்று நடந்துவர இடம் இருக்கிறது. இதை நாங்கள் பெரிய நற்குணமாகவே சொல்கிறோம். பழைய ஸ்டேடியங்களில் எதிரணிக் கொண்டாட்டத்துக்கு நடுவே ஒடுங்கி உட்கார்வதைத் தவிர வழியில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நாச்சோ, ஃப்ரைஸ், சீஸ் பீட்சா என்ற அளவில்தான் எதிர்பார்க்கலாம். வயிறு நிறைய வேண்டுமானால் காலையிலேயே ஆர்டீசியாவின் பயனியர் புலவார்ட் போய்வரலாம். இந்தியக் கடைத்தெரு, தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும். பதினைந்து, இருபது மைல் கிழக்கே. பகல் ஒரு மணிக்குமேல் அங்கே இருக்காதீர்கள்.

கூரையை நம்பி ஏமாற வேண்டாம். மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை உண்டு, பக்கங்கள் திறந்தவை. 2023 இறுதி ஆட்டத்தன்று தென் கலிஃபோர்னியா முழுவதும் புயல் மழை. அப்படிக் காற்றோடு மழை அடித்தால் ஓரப் பகுதிகளுக்கும் நடைகூடங்களுக்கும் சாரல் வரும், தரை வழுக்கும். 2021 அக்டோபர் 4 அன்று சார்ஜர்ஸ்-ரெய்டர்ஸ் ஆட்டம் மின்னலால் 35 நிமிடம் தள்ளிப்போனதும் இதே கூரைக்குக் கீழேதான். ஜனவரி என்றால் மெல்லிய மழைக்கோட்டும் ஒரு ஸ்வெட்டரும் எடுத்து வாருங்கள். செப்டம்பர் பகல் ஆட்டம் என்றால் கதை தலைகீழ். இருக்கைப் பகுதிக்கு ஏசி கிடையாது. மேல்தட்டில் வெக்கை தங்கும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள்.

சீக்கிரம் கிளம்பலாமா? படுதோல்வியில் எல்லோரும் கேட்கும் கேள்வி. வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள், அதை முதலில் நினைவில் வையுங்கள். பயணக் கணக்கில் மட்டும் பார்த்தால் நாலாம் குவார்ட்டர் தொடக்கம் நல்ல நேரம். அன்று ஜார்ஜியா பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் நாலாம் குவார்ட்டரில் 13 நிமிடத்துக்கு மேல் மீதி இருக்கும்போதே பென்னட்டைக் கைதட்டலோடு வெளியே அழைத்துக்கொண்டார். முதன்மை குவார்ட்டர்பேக்கை எதிரணி வெளியே எடுத்துவிட்டால் அது ஆட்டம் முடிந்ததற்கு அறிகுறி. அப்போது எழுந்தால் எஸ்கலேட்டரில் நெரிசல் இல்லை, ஊபர் விலையும் ஏறியிருக்காது. இருந்தாலும், சீசன் முழுக்க உழைத்த பிள்ளைகள் கடைசியாக அந்தச் சீருடையில் நிற்கும்போது கைதட்டிவிட்டுத்தான் போவேன் என்று இருப்பவர்களை நாங்கள் மதிக்கிறோம். கல்லூரி ஃபுட்பாலில் அதற்கு அர்த்தம் இருக்கிறது. நாலாம் ஆண்டு மாணவருக்கு அடுத்த வாரம் என்று ஒன்று இல்லை.

கடைசிவரை இருப்பவர்கள் ஊபரை ஸ்டேடியம் வாசலில் கூப்பிடாதீர்கள். ஏற்றும் இடம் வடக்கே கியா ஃபோரம் பக்கம் கரீம் கோர்ட். கால்மணி நேரத்துக்குக் குறையாத நடை, அதற்குமேல் வரிசை. நடக்க முடிந்தவர்கள் அதற்குப் பதில் இங்கிள்வுட் நிலையத்துக்கே நடந்துவிடலாம். கடைசி ரயில் நேரத்தை மட்டும் காலையிலேயே பார்த்து வையுங்கள். இரவு விமானத்தில் திரும்ப நினைப்பவர்கள் மாலை ஆட்டம் முடியும் நேரத்தோடு குறைந்தது மூன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். கல்லூரி இறுதி ஆட்டம் ஏறக்குறைய நாலு மணி நேரம் ஓடும். கிழக்குக் கரைக்கு மூன்று மணி நேரக் கடிகார இழப்பு வேறு. மறுநாள் மதிய விமானம்தான் எங்கள் சிபாரிசு.

இவ்வளவும் பழைய கதையாக முடிந்திருந்தால் இத்தனை விரிவாக எழுதியிருக்க மாட்டோம். 2024 ஆகஸ்ட் 2 முதல் லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம், பிக் டென் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில் இருக்கிறது. நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ், மேரிலாண்ட் ரசிகர்கள் எல்லாம் இனி சாதாரண சனிக்கிழமை ஆட்டத்துக்கே கண்டம் தாண்டி வர வேண்டும். அந்த யூசிஎல்ஏ ரோஸ் பவுலை விட்டு சோஃபைக்கு மாறப் பார்க்கிறது என்று பசடேனா நகரம் 2025இல் வழக்குப் போட்டது. ஒப்பந்தம் 2044 வரை இருக்கிறது. மாணவர்களுக்கு இந்த மாற்றம் வசதிதான்: வளாகத்திலிருந்து ரோஸ் பவுல் 26 மைல், சோஃபை ஏறக்குறைய அதில் பாதிதான். ஆனால் கல்லூரி ஆட்டங்களை இங்கே நடத்துவதாக இருந்தால் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். வாகன நிறுத்தங்களை ஆட்டத்துக்கு ஐந்து மணி நேரம் முன்பே திறந்து டெயில்கேட்டிங்கை முழுதாக அனுமதிக்க வேண்டும். இங்கிள்வுட் நிலைய ஷட்டிலை ஒவ்வொரு கல்லூரி ஆட்டத்துக்கும், கடைசி ரயில் வரை, ஓட்ட வேண்டும்.